இதுக்கு முன்னாடி யார் படகுல இருந்தாரு?

அப்பா போன பிறகு இரண்டு வருஷம் அம்மாதான் படகைப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. டீசல், ஐஸ், வலை என்று ஒவ்வொரு தடவை கடலுக்கு அனுப்பும்போதும் கையில் பணம் வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வருமானமே கிடையாது, ஆனால் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றிப் பெயிண்ட் அடிக்கிற செலவு முழுக்க அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். போன தடைக்காலத்தில் விற்றுவிட்டோம். கடன் அடைத்தது போக மிஞ்சியதில் ஒரு பகுதியைப் பத்து வருஷம் தொடாமல் வைக்கலாம் என்று பேசி முடிவு செய்தோம். அப்படித்தான் வேல்யூ ஃபண்ட் என்ற ஒருவகை மியூச்சுவல் ஃபண்டின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அதைப் பற்றிக் கேட்க ராமநாதபுரத்தில் ஒரு வங்கிக் கிளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி நன்றாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார், வழுவழுப்பான ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார். "ஐஐடி, ஐஐஎம்-ல படிச்சவங்க நடத்துறாங்கம்மா, நீங்க கவலையே படவேண்டாம்" என்றார். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தில் இருந்த கோட் போட்டவர்களின் படத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சவங்கதான் சார், சந்தோஷம். இதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?" என்று கேட்டார். அவர் பக்கத்தைத் திருப்பினார், வருமானக் கணக்கு இருந்த பக்கம் வந்தது. அதைக் காட்டி வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா பையை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று எழுந்துவிட்டார்.

அது அப்பாவின் கேள்வி. எங்கள் பக்கம் விசைப்படகு ஓட்டுபவரை டிரைவர் என்றுதான் சொல்வோம். புது டிரைவர் யாராவது வேலை கேட்டு வந்தால், அப்பா அவர் ஊரைக் கேட்பார், அடுத்த கேள்வி, "இதுக்கு முன்னாடி யாரு படகுல இருந்த?" அப்புறம், எத்தனை வருஷம், ஏன் விட்டு வந்தாய், வடகடலிலா தென்கடலிலா. பாம்பனில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாக் ஜலசந்திப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் வீசுகிற மாதங்களில் தென்கடல் முரண்டு பிடிக்கும். ஒரு கடலில் மட்டும், அதுவும் நல்ல காற்றில் மட்டும் ஓட்டியவரிடம் அப்பா படகைக் கொடுக்கமாட்டார். ஒரு நோட்டு வைத்திருந்தார். டிரைவர் பெயர், ஊர், முன்பு யாருடைய படகு, எத்தனை சீசன். நான்கு வரிக்கு மேல் யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த நான்கு வரியை நம்பித்தான் எங்கள் வீட்டின் மொத்தச் சொத்தும் ராத்திரி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரியே நான் வேல்யூ ஃபண்டுகளின் திட்ட ஆவணங்களை எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். எஸ்ஐடி என்று சொல்வார்கள். நூறு பக்கத்துக்கு மேல் வரும், யாரும் படிப்பதில்லை. ஆனால் அதில் எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவு செய்கிற ஃபண்ட் மேனேஜர் பற்றி ஓர் அட்டவணை கட்டாயம் இருக்கும். பெயர், வயது, படிப்பு, கடைசிப் பத்து வருஷம் எங்கெங்கே என்ன வேலை செய்தார், வேறு எந்தெந்தத் திட்டங்களையும் கவனிக்கிறார் என்பதெல்லாம் அதில் வரவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பான செபியின் விதி. அப்பாவின் நோட்டு மாதிரியேதான், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

வேல்யூ ஃபண்ட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் உண்மையான மதிப்பைவிடச் சந்தையில் விலை குறைவாக இருக்கும்போது பங்கை வாங்கி, விலை மதிப்பை எட்டும்வரை காத்திருப்பது. 2017 அக்டோபரில் செபி மியூச்சுவல் ஃபண்டுகளை வகை பிரித்தபோது, வேல்யூ ஃபண்ட் குறைந்தது 65 சதவீதத்தைப் பங்குகளில் வைக்கவேண்டும், வேல்யூ உத்தியைப் பின்பற்றவேண்டும் என்று மட்டும் சொன்னது. எந்த அளவுகோலால் மலிவு என்று முடிவு செய்வது என்பதை மேனேஜர் கையில் விட்டுவிட்டது. இங்கேதான் ஆள் முக்கியமாகிறார். சந்தைக் குறியீட்டில் இருக்கிற பங்குகளை அப்படியே வாங்குகிற இண்டெக்ஸ் ஃபண்டில் மேனேஜர் யார் என்று நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன், அங்கே பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. வேல்யூ ஃபண்டில் பட்டியலே அந்த மனிதரின் தலைக்குள்தான் இருக்கிறது.

மலிவு என்பது எவ்வளவு ஏமாற்றக்கூடிய விஷயம் என்று மீன் ஏலத்துக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாப் படகிலும் கணவாய் அள்ளிக்கொண்டு வந்தால் விலை விழும், அது நல்ல மலிவு. ஐஸ் பற்றாமல் போன மீனும் மலிவாகத்தான் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். கம்பெனிகளில் செவுள் என்பது சொத்தையும் கடனையும் காட்டுகிற பேலன்ஸ் ஷீட். நான் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்கிற இடங்களில் பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். முன்பு ஓர் இடத்தில் குளிர்ப்பதனக் கிடங்கில் இருந்த சரக்கைப் போன சீசன் விலைக்கே கணக்கில் வைத்திருந்தார்கள், சந்தையில் விலை பாதியாகிவிட்டிருந்தது. லாபம் காகிதத்தில் இருந்தது, பணம் வரவில்லை, வரவேண்டிய பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கம்பெனி மலிவாகத் தெரிந்திருக்கும். அதனால் மேனேஜர்களின் பழைய வேலைகளைப் படிக்கும்போது என் கண் முதலில் தேடியது கணக்கு வேலையையும் கடன் ஆய்வு வேலையையும்தான். கடன் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் "எவ்வளவு வளரும்" என்று கேட்பதற்கு முன்னால் "கொடுத்தது திரும்பி வருமா" என்று கேட்டுப் பழகியவர். இது என் சாய்வு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

சரி, உண்மையில் எந்தெந்த வழியாக வருகிறார்கள்? நம் நாட்டு அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வருவது சில பாதைகள்தான். இன்ஜினியரிங் முடித்து எம்பிஏ. அல்லது பி.காம் முடித்து சிஏ, அதன்மேல் முதலீட்டு ஆய்வுக்கான சிஎஃப்ஏ. வேலை என்று பார்த்தால் புரோக்கர் கம்பெனியில் ஆய்வாளராக ஆரம்பித்தவர்கள் அதிகம். ஏதோ ஒரு துறையை, மருந்தோ சிமென்டோ, வருஷக்கணக்கில் தோண்டியவர்கள் அவர்கள். அந்த ஆழம் நல்லது. ஆனால் புரோக்கர் ஆபீசில் எழுதுகிற அறிக்கையின் நோக்கம் யாரோ ஒருவரைப் பங்கு வாங்க வைப்பது, ஃபண்டில் உட்கார்ந்தால் வேண்டாம் என்று சொல்வதுதான் பாதி வேலை. அந்த மாற்றத்தை ஒருவர் எத்தனை வருஷம் பழகியிருக்கிறார் என்று பார்ப்பேன்.

பெரிய பெயர்களை எடுத்துக்கொண்டால், ஐசிஐசிஐ புருடென்ஷியலின் எஸ். நரேன் சென்னை ஐஐடியில் இன்ஜினியரிங், கல்கத்தா ஐஐஎம்-இல் நிர்வாகம். ரொம்ப காலம் எச்டிஎஃப்சி மியூச்சுவல் ஃபண்டில் இருந்து 2022-ல் விலகிய பிரசாந்த் ஜெயின் கான்பூர் ஐஐடி, பெங்களூர் ஐஐஎம். பராக் பாரிக் ஃபண்டின் ராஜீவ் தக்கர் பி.காம், சிஏ, சிஎஃப்ஏ. அந்த வங்கி அதிகாரி சொன்னது பொய் இல்லை, ஐஐடி ஐஐஎம் உண்டுதான். ஆனால் அந்த இரண்டு எழுத்துக்கூட்டத்தை வைத்து இவர்களுக்குள் யார் எப்படிப்பட்டவர் என்று ஒன்றும் சொல்லமுடியாது. பிரசாந்த் ஜெயினைப் பற்றி எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் 1994-லிருந்து ஒரே திட்டத்தை 28 வருஷம் போல நடத்தினார் என்பது. நடுவில் நிர்வாகக் கம்பெனியே கை மாறி, 2003-ல் எச்டிஎஃப்சி வாங்கியது, பெயர் மாறியது, திட்டத்தைப் பிடித்திருந்த கை மாறவில்லை. வாடையும் கச்சானும் பார்த்த கை அது.

படிப்பு எவ்வளவு தூரம் என்று யோசிக்கும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் அமெரிக்க முதலீட்டாளர் வால்டர் ஷ்லாஸ். கல்லூரிக்கே போகாதவர். 1934-ல் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு புரோக்கர் ஆபீசில் காகிதங்களை இங்கேயும் அங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனாக வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலத்தில் வேல்யூ முதலீட்டின் முன்னோடியான பெஞ்சமின் கிரஹாம் எடுத்த வகுப்புகளுக்குப் போனார், போரில் நான்கு வருஷம் இருந்தார், பிறகு கிரஹாமிடமே வேலை. 1955-ல் தனியாகப் பிறர் பணத்தை நிர்வகிக்க ஆரம்பித்து, மகனோடு சேர்ந்து நாற்பது வருஷத்துக்கும் மேல் நடத்தினார். கம்பெனி முதலாளிகளைப் போய்ப் பார்க்கமாட்டார், ஆண்டறிக்கையை மட்டும் படிப்பார். அவருடைய அட்டவணையை அந்த அதிகாரி எங்கள் முன்னால் விரித்திருந்தால் படிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? ஆனால் அப்பா கேட்கிற கேள்விக்கு ஷ்லாஸிடம் நல்ல பதில் இருந்திருக்கும்: கிரஹாம் படகில் இருந்தேன்.

அந்த கிரஹாமே கணக்குப் படித்து வந்தவர் இல்லை. 1914-ல் கொலம்பியாவில் படிப்பு முடித்தபோது ஆங்கிலம், கணிதம், தத்துவம் மூன்று துறையும் அவரைப் பாடம் நடத்த அழைத்தன. அவர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனார், அதுவும் கடன் பத்திரங்கள் பிரிவுக்கு. வேல்யூ முதலீட்டின் அடிப்படையே, வாங்கும் விலைக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்பதுதான். கடன் பத்திரத்தில் பழகியவரிடமிருந்து அது வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 1929-க்குப் பிறகான சரிவில் அவர் பலமாக அடி வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அந்த அடி வாங்கிய பிறகுதான் முறையை முழுமையாக எழுதினார்.

அமெரிக்க ஃபண்ட் மேனேஜர் ஜான் நெஃப் இன்னொருவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் கண்ணைப் பறிக்கிற எதுவும் கிடையாது. டொலீடோ பல்கலைக்கழகம், கிளீவ்லாந்தில் ஒரு வங்கியில் எட்டு வருஷத்துக்கு மேல் ஆய்வாளர். 1964-ல் வின்ட்சர் ஃபண்டை எடுத்து 1995 வரை நடத்தினார். 31 வருஷத்தில் ஆண்டுக்குச் சராசரி 13.7 சதவீதம், அதே காலத்தில் சந்தை 10.6 சதவீதம். இடையில் பல வருஷங்கள் சந்தையைவிடப் பின்னால் இருந்திருக்கிறார், ஓடிப்போகவில்லை.

படிப்பும் பின்புலமும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்கு இன்னொரு அமெரிக்க ஃபண்ட் மேனேஜர் பில் மில்லர் இருக்கிறார். தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர், ராணுவ உளவுப் பிரிவில் இருந்தவர், ஒரு தொழிற்சாலைக் கம்பெனியில் நிதிப் பொறுப்பைப் பார்த்தவர். நான் இப்படிப்பட்ட ஒரு வரிசையைப் பார்த்தால் மயங்கித்தான் போவேன். 1991 முதல் 2005 வரை 15 வருஷம் தொடர்ந்து அமெரிக்கச் சந்தைக் குறியீட்டை முந்தினார். 2008-ல் நிதித்துறைப் பங்குகள் மலிவு, மலிவு என்று விழ விழ வாங்கியதில் அந்த ஒரே வருஷத்தில் ஃபண்ட் பாதிக்கு மேல் கரைந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தும் தப்பாகலாம்.

அதனால் அட்டவணையில் பட்டத்தைவிட வருஷங்களை நான் உற்றுப் பார்க்கிறேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்தில் நின்றது. அப்போது இந்த மேனேஜர் எங்கே இருந்தார்? பிறர் பணம் கையில் இருந்ததா, அல்லது யாருக்கோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாரா, பள்ளிக்கூடத்தில் இருந்தாரா? 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 26,000-க்குக் கீழே முடிந்தபோது இந்தத் திட்டம் இவர் கையில்தானா? அட்டவணையில் இருக்கிற தேதிகளை வைத்து இதை யாரும் கண்டுபிடிக்கலாம். வயது குறைவானவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் இளம் டிரைவரை எடுத்திருக்கிறார், ஆனால் யாருக்குக் கீழே கற்றுக்கொண்டார் என்று கேட்டுவிட்டு.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நல்ல டிரைவர்களையும் ஒரு விஷயம் கெடுத்திருக்கிறது, அது பக்கத்துப் படகின் பாடு, அதாவது அதற்குக் கிடைத்த மீன். அந்தப் படகு இறால் அள்ளி வந்துவிட்டது, நாம் வெறும் சங்காயத்தோடு, கழிவு மீனோடு நிற்கிறோம் என்ற ஒரு ராத்திரி போதும், எல்லைக்கு அந்தப் பக்கம் கை நீளும். அப்படிப் போய்ப் படகைப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்பா ஒரு டிரைவரை ஒன்பது வருஷம் வைத்திருந்தார், காரணம் அவர் அதிகம் பிடித்தவர் என்பதல்ல, பாடு இல்லாத நாளில் பாடு இல்லை என்று திரும்பி வந்தவர். வேல்யூ மேனேஜருக்கும் அந்த ராத்திரி வருகிறது, ஒரு ராத்திரியோடு முடிவதில்லை, இரண்டு மூன்று வருஷம் நீள்கிறது. 1999-ல் உலகம் முழுக்க டெக் பங்குகள் பறந்தபோது மலிவுப் பங்கு வைத்திருந்தவர்களை எல்லாரும் காலாவதியானவர்கள் என்றார்கள். 2018-க்குப் பிறகு நம் ஊரில் சில பெரிய, விலை அதிகமான பங்குகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தபோதும் அதே பேச்சு வந்தது. அந்த நேரத்தில் ஒருவர் தன் முறையை விட்டு எல்லாரும் வாங்குவதை வாங்கப் போனாரா என்பது அட்டவணையில் இருக்காது. அதற்குப் பழைய மாதாந்திர ஃபேக்ட் ஷீட்டுகளை எடுத்து, அப்போது என்னென்ன பங்கு வைத்திருந்தார், எவ்வளவு வேகமாக வாங்கி விற்றார் என்று பார்க்கவேண்டும். நான் மூன்று திட்டங்களுக்கு இப்படிப் பார்த்தேன், நான்கு ராத்திரி ஆனது. ஒன்றில் வேல்யூ என்று பெயர் வைத்துக்கொண்டு, எல்லாரும் வைத்திருந்த அதே விலையேறிய பங்குகள்தான் மேலே இருந்தன. அதை அன்றே ஒதுக்கிவைத்தேன்.

டாடாவின் பி/இ ஃபண்ட் என்று 2004-ல் ஒன்று ஆரம்பித்தார்கள். பி/இ விகிதம் என்பது ஒரு பங்கின் விலை அதன் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. சென்செக்ஸின் பி/இ விகிதத்தைவிடக் குறைந்த விகிதம் உள்ள பங்குகளில்தான் குறைந்தது 70 சதவீதம் என்று விதியையே கட்டிவைத்தார்கள். மேனேஜரின் மனசு அலைந்தாலும் விதி பிடித்து நிறுத்தும். அதுவும் ஒரு வழி.

படகு வருமானத்தைப் பிரித்துக்கொள்கிற பங்கு முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் படகுகளில் மாதச் சம்பளம் கிடையாது, டீசல் ஐஸ் செலவு கழித்து மிஞ்சியதில் முதலாளிக்கு இவ்வளவு, டிரைவருக்கும் ஆட்களுக்கும் இவ்வளவு. பாடு இல்லையென்றால் அவர் வீட்டு அடுப்பும் எரியாது. ஃபண்ட் மேனேஜருக்குச் சம்பளம் எப்படியும் வந்துவிடும். செபி 2021 அக்டோபரிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தது, மேனேஜர் உட்பட முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளத்தில் 20 சதவீதத்தை அவர்கள் நடத்துகிற திட்டங்களின் யூனிட்டுகளாகவே கொடுக்கவேண்டும், மூன்று வருஷம் எடுக்கமுடியாது. பிறகு சம்பள அளவுக்கு ஏற்ப அதைத் தளர்த்தினார்கள். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. அதோடு, அந்தத் திட்டத்தில் மேனேஜர் எவ்வளவு பணம் போட்டிருக்கிறார் என்பதும் எஸ்ஐடி-யில் வரும், சின்ன எழுத்தில், தேடினால் கிடைக்கும். அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தொகையைக் கேட்டுவிட்டு, "அவரு சொந்தக் காசா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பராக் பாரிக் ஃபண்டின் கதையை அம்மாவிடம் சொன்னபோதும் அமைதியாகக் கேட்டார். பராக் பாரிக் பம்பாயில் பங்குத் தரகராக இருந்து, வேல்யூ வழியில் நம்பிக்கை வைத்து, 2013 மே மாதம் அந்த ஃபண்டைத் தொடங்கினார். இரண்டே வருஷத்தில், 2015 மே மாதம், அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் கம்பெனி நடத்துகிற பங்குதாரர் கூட்டத்துக்காக ஒமாஹா போன இடத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார். ஃபண்ட் நின்றுவிடவில்லை, ஏனென்றால் முதல் நாளிலிருந்தே ராஜீவ் தக்கர் அதை நடத்திக்கொண்டிருந்தார், அதற்கு முன்னும் வருஷக்கணக்காகப் பராக் பாரிக்கோடு வேலை செய்தவர். இப்போது அது வேல்யூ வகையில் இல்லை, எந்த அளவுக் கம்பெனியின் பங்கையும் வாங்கக்கூடிய ஃப்ளெக்ஸி கேப் வகையில் இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியிருந்தது இந்தத் தொடர்ச்சி. ஒரே பெயரை மட்டும் பார்த்துப் பணம் போடாமல், பக்கத்தில் யார் நிற்கிறார், அவர்கள் எத்தனை வருஷம் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது. சில திட்டங்களில் மூன்று பெயர் இருக்கும், ஒருவர் கடன் பத்திரங்களுக்கு, ஒருவர் வெளிநாட்டுப் பங்குகளுக்கு. நம் ஊர்ப் பங்குகளை வாங்குகிறவர் யார் என்று பிரித்துப் படிக்கவேண்டும்.

கடைசியில் ஒரு திட்டத்தை எடுத்தோம். பெயர் சொல்லமாட்டேன், என் வீட்டுக்குச் சரி என்று பட்டது உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கவேண்டியதில்லை. இரண்டு மேனேஜர்கள். ஒருவர் சிஏ, கடன் தரநிர்ணயம் செய்கிற இடத்தில் ஆரம்பித்தவர், 2008-லும் 2020-லும் ஃபண்ட் கையில் இருந்தவர். இன்னொருவர் இளையவர், முதலாமவருக்குக் கீழே ஆறு வருஷம். பணத்தை ஒரே நாளில் போடவில்லை, மாதாமாதம் பிரித்துப் போட ஏற்பாடு செய்தோம். அம்மா அப்பாவின் நோட்டை எடுத்து வந்து கடைசி டிரைவருக்கு அடுத்த பக்கத்தில் இந்த இரண்டு பேரையும் எழுதச் சொன்னார். பெயர், ஊர், முன்பு யாரிடம், எத்தனை வருஷம். ஊர் தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

போன வாரம் மெயிலில் ஓர் அறிவிப்பு வந்தது. மூத்தவர் இந்த மாதக் கடைசியோடு விலகுகிறார், வேறொருவர் சேர்கிறார். ஒரு பத்திதான், படிப்பும் வயதும் பழைய வேலைகளும் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "ஏன் விட்டுப் போறாராம்?" என்றார். அது போடவில்லை அம்மா என்றேன். "சரி, வர்றவரு யாரு படகுல இருந்தாராம், படி" என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.